அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: நான் கோவையில் மருந்து கம்பெனி ரெப். போன சனிக்கிழமை இரவு நண்பன் கல்யாண ரிசப்ஷன் முடிந்து பைக்கில் வரும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். முதலில் மறுத்தேன், பிறகு ஊதினேன். 58 காட்டியது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு வண்டியையும் ஸ்டேஷனில் போட்டுவிட்டார்கள். சத்தியமாக நான் தள்ளாடவில்லை. “10,000 ரூபாயைக் கட்டு, கதை முடிந்தது” என்கிறார் அண்ணன். கட்டிவிடலாமா?

பதில்: உங்கள் அண்ணன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியில்தான் உங்கள் பிழைப்பு இருக்கிறது.

ஹெல்மெட் அபராதம்போல ரோட்டிலேயே சமரசமாக முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இல்லை. கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால், அது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அடுத்த முறை சிக்கினால் 2 வருடம் வரை சிறை, 15,000 ரூபாய். பலரும் கவனிக்காமல் விடுவது 20ஆம் பிரிவு: 185இல் தண்டனை என்றாகிவிட்டால், குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தகுதி நீக்கம் செய்யச் சொல்கிறது அது. தினமும் நாலு ஊர் சுற்றும் ரெப்புக்கு 10,000 ரூபாயைவிட அதுதான் பெரிய அடி.

தள்ளாடவில்லை என்பது எடுபடாது. போதைப்பொருள் என்றால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்று பார்ப்பார்கள். மதுவுக்கு எண்தான் கணக்கு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. (உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். நள்ளிரவில் 150 இருந்தவர் காலை 8 மணிக்குத்தான் 30ஐத் தொடுவார். ‘தூங்கி எழுந்துதானே வந்தேன்’ என்று மாட்டுகிறவர்கள் உண்டு.)

ஊத மறுப்பது உரிமை என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்கிற அரசியலமைப்பின் 20(3) வாய்ச்சொல்லுக்குத்தான் பொருந்தும். கைரேகை போன்ற உடல் அடையாளங்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. மறுத்தால் சந்தேகத்தின்பேரில் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஸ்டேஷனில் ரத்தம் கேட்கலாம். தகுந்த காரணம் காட்டாவிட்டால் அந்த மறுப்பே உங்களுக்கு எதிராக நிற்கும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 205ஆம் பிரிவு. நீங்கள் கடைசியில் ஊதிவிட்டதால் அது பெரிய பிரச்சினை ஆகாது.

உண்மையான உரிமைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். ஸ்டேஷனில் மறுபடி ஊதிப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். ஜாமீன் கேட்டுப் பெறக்கூடிய குற்றம்தான். பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். ஊதியபோது கருவி தந்த சீட்டில் நேரமும் கருவி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். குடித்த கையோடு, அல்லது மவுத்வாஷ் கொப்பளித்து 15 நிமிடத்துக்குள் ஊதினால் வாயில் தங்கியது எண்ணை ஏற்றிக் காட்டக்கூடும். அதற்காக, இல்லாத இருமல் சிரப்பைக் கோர்ட்டில் அவிழ்த்துவிடாதீர்கள். முதல் குறுக்கு விசாரணையிலேயே அது கரைந்துவிடும்.

லைசென்ஸைப் பிடித்துவைக்க 2019 திருத்தம் அதிகாரம் தருகிறது, ஆனால் ரசீது தர வேண்டும். அந்த ரசீதைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று நினைத்தால் இன்னொரு கேஸ்தான் மிச்சம். லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும். ஆர்.டி.ஓ. ஆணை போடுமுன் உங்களைக் கேட்டாக வேண்டும். நோட்டீஸ் வந்தால் மேசை டிராயரில் போட்டுவிடாமல், வேலையின் தன்மை, இதுவரை கேஸ் இல்லாதது எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். ஆணை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வண்டியைப் பொறுத்தவரை, கைது செய்யும்போது அதைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தத்தான் 202ஆம் பிரிவு சொல்கிறது. வண்டியைப் பறித்து வைப்பதற்கான 207இல் குடிபோதை இல்லை. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்தால் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று 2021இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் உள்ள அண்ணன் மூன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

58 என்று சீட்டு இருக்கும்போது கேஸை உடைப்பது சுலபமில்லை, பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் அந்தச் சீட்டையும் ரசீதையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை டவுன் பஸ்தான்.