கொலோன், பாசல்: ஒரே பயணத்தில் இரண்டு கார்னிவல்

கேள்வி: 2027 பிப்ரவரியில் வேலை விஷயமாக ஜெர்மனி போகிறேன். கொலோன் கார்னிவலோடு சுவிட்சர்லாந்தின் பாசல் ஃபாஸ்நாக்ட்டையும் பார்க்க முடியுமா? இரண்டும் ஒரே நாளில்தானே வரும்?

பதில்: ஒரே நாளில் வராது, அதுதான் உங்களுக்கு வசதி. ஈஸ்டருக்கு 48 நாள் முன்பு கொலோனின் ரோசன்மோன்டாக் (கார்னிவல் திங்கள்) ஊர்வலம். 41 நாள் முன்பு பாசலின் தொடக்கம். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. எனவே கொலோன் பிப்ரவரி 8, பாசல் பிப்ரவரி 15. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தின் 40 நாளில் ஞாயிறுகளைச் சேர்ப்பதில்லை என்று பிற்காலத்தில் முடிவானபோது, அது தொடங்கும் சாம்பல் புதன் சில நாள் முன்னதாக நகர்ந்தது, அதோடு கார்னிவலும். பாசல் பழைய கணக்கை விடவில்லை.

பலரும் கோட்டை விடுவது அறை விஷயத்தில். பாசலில் திங்கள் அதிகாலை 4 மணிக்கே தொடக்கம் என்பதால் 14ஆம் தேதி இரவுக்கே அறை வேண்டும். கிடைக்காவிட்டால் கவலையில்லை, அன்றிரவு சிறப்பு ரயில்கள் ஓடும். 3.15க்குள் பழைய நகரத்துக்குப் போய்விடுங்கள். நான்கு அடித்ததும் தெருவிளக்குகள் மொத்தமாக அணையும்; எல்லாக் குழுக்களும் ஒரே மெட்டைப் பிக்கலோ குழலிலும் பறையிலும் தொடங்கும். வெளிச்சம் என்றால் அவர்களின் லாந்தர்கள் மட்டும்தான். ஆளைவிட உயரமான சட்டத்தில் துணி கட்டி, அந்த வருட அரசியலைக் கிண்டலடித்து வரைந்திருப்பார்கள். ஃபிளாஷ் அடித்தால் பக்கத்தில் நிற்பவரே திட்டுவார்.

கொலோனில் வேஷம் போடாமல் போனால் நீங்கள்தான் தனியாகத் தெரிவீர்கள். ‘அலாஃப்’ என்று கத்துங்கள். ‘ஹெலாவ்’ போட்டியூரான டுசல்டோர்ஃபின் முழக்கம், வாய் தவறியும் வேண்டாம். வண்டிகளிலிருந்து மிட்டாய் கொட்டும், துணிப்பை எடுத்துப் போங்கள். பாசலில் எல்லாம் தலைகீழ்: வேஷமும் முகச்சாயமும் பங்கேற்பவருக்கு மட்டும். பார்வையாளர் செய்ய வேண்டியது, அந்த வருடத்துச் சின்னத்தை வாங்கிக் கோட்டில் குத்திக்கொள்வது. குத்தாதவர் தலையில் காகிதத் துண்டு கொட்டுவார்கள், கழுத்துக்குள்ளும் திணிப்பார்கள். நீங்களும் வீசலாம், ஆனால் ஒரே நிறப் பொட்டலமாக வாங்குங்கள். பல நிறம் கலந்திருந்தால் தரையில் அள்ளியது என்று முகம் சுளிப்பார்கள்.

பாசலில் திங்கள், புதன் இரண்டு நாளும் மதியம் 1.30க்குப் பெரிய ஊர்வலம். ஒன்றைப் பார்த்தால் போதும். செவ்வாயை விடாதீர்கள். மூன்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்தின் சதுக்கத்தில் லாந்தர்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். விடியற்காலையில் சிவக்க வறுத்த மாவில் செய்த சூப்பும் வேயெ என்ற வெங்காயத் தட்டைப் பையும் (pie) கிடைக்கும். சூப்பை மாட்டெலும்புச் சாற்றில் செய்வது வழக்கம், சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.