பி.சி. தத்தை எப்படி அழைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மறைந்த பி.சி. தத்தை ‘முன்னாள் கடற்படை வீரர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் 1946 கடற்படைக் கலகத்தில் சம்பந்தப்பட்டு நீக்கப்பட்டவர் அல்லவா? நானும் சீருடை அணிந்தவன். ஒழுங்கை மீறியவருக்கும் பணிக்காலத்தை முழுதாக முடித்தவருக்கும் ஒரே பெயரா? மனம் ஒப்பவில்லை.

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சீருடை அணிந்தவரிடமிருந்து இந்தக் கேள்வி வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நான் எழுதியதில் மாற்றமில்லை.

தத் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆங்கிலேய ஆட்சியின் ராயல் இந்தியக் கடற்படையில் தந்தியாளராகப் பணியாற்றியவர். போர் முடிந்தபோது பம்பாயில் ‘தல்வார்’ என்ற தகவல் தொடர்புப் பயிற்சித் தளத்தில் இருந்தார். அங்கே மாலுமிகளுக்குக் கிடைத்தது மட்டமான உணவு. அதைவிட மட்டமான பேச்சு. தளத்தின் ஆங்கிலேயத் தளபதி கிங், அவர்களுடைய பிறப்பையே இழித்துத் திட்டினார். தனக்குக் கீழே இருப்பவனை மனிதனாக நடத்துவதும் படை ஒழுங்கில் சேர்ந்ததுதானே? அதை முதலில் மீறியவர் யார்?

1946 பிப்ரவரி தொடக்கத்தில், தலைமைத் தளபதியின் வருகையையொட்டி ‘ஜெய் ஹிந்த்’, ‘வெள்ளையனே வெளியேறு’ என்று தளத்தில் எழுதியதற்காகத் தத் பிடிபட்டார். பிப்ரவரி 18 அன்று தல்வார் மாலுமிகள் உணவை மறுத்தார்கள். சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. அவர்கள் தங்களுக்குள் ஒரு குழுவை அமைத்து, எம்.எஸ். கானைத் தலைவராகவும் மதன் சிங்கைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். மத அரசியல் கொதித்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளைச் சேர்த்தே ஏற்றினார்கள். பட்டேலும் ஜின்னாவும் கேட்டுக்கொண்டதன் பேரில் 23ஆம் தேதி பணிந்தார்கள். ஒழுங்கு தெரியாத கூட்டத்தால் இப்படித் தொடங்கவும் முடியாது, இப்படி நிறுத்தவும் முடியாது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. பழிவாங்கல் இருக்காது என்று தலைவர்கள் உறுதி சொல்லியிருந்தும் நூற்றுக்கணக்கானோர் சிறை வைக்கப்பட்டு, வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். அடுத்த ஆண்டே நாட்டுக்கு விடுதலை வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் அழைக்கவில்லை. எந்த அரசை எதிர்த்தார்களோ அந்த அரசு போன பிறகும் அது கொடுத்த தண்டனை மட்டும் நீடித்தது. பணிக்காலத்தை முடிக்காதது அவர்கள் குற்றமில்லை, நண்பரே, முடிக்க விடவில்லை.

தத் பம்பாயிலேயே தங்கிப் பத்திரிகையாளரானார். பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். கால் நூற்றாண்டு கழித்து, 1971இல், அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். எங்காவது கிடைத்தால் அவசியம் படியுங்கள். கப்பல்தளத்தின் அன்றாடம் அறிந்த நீங்கள் அதில் காணப்போவது என்னைப் போன்றவர்களுக்குப் புலப்படாது.

இன்னொன்று. மிகவும் தாமதமாகத்தான் என்றாலும், இந்தியக் கடற்படை தன் இழுவைப் படகுகள் இரண்டுக்கு மதன் சிங், பி.சி. தத் என்றே பெயரிட்டது. அவரைத் தன்னுடையவர் என்று சொல்லக் கடற்படைக்கே தயக்கமில்லாதபோது நான் ஏன் தயங்க வேண்டும்?

அன்புடன்.