மடியில் கனம் யாருக்கு?

கேள்வி: கடை ஊழியர்களை மறைவாகக் கண்காணிப்பதைக் கண்டித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நான் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தில் மேற்பார்வையாளர். கண்ணுக்குத் தெரியும்படி கேமரா வைத்தால், திருடுகிறவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருடுகிறான். அதனால்தான் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பூட்டுப் போடுவதையும் தவறு என்பீர்களா? மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? எங்களைப் போன்ற நிறுவனங்கள் நன்னடத்தை விதிகளைப் புத்தகமாகவே அச்சிட்டு ஒவ்வொரு ஊழியர் கையிலும் கொடுக்கின்றன. எங்களுக்கு நீங்கள் நெறி பற்றிப் பாடம் நடத்த வேண்டுமா? (என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம்.)

பதில்: வெளியிடவில்லை. ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்கவும் மாட்டோம். ஒரு தவறும் செய்யாத மனிதருக்கும், தன்னைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. உங்கள் கடையின் பில்லிங் கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கும் அந்த உரிமை இருக்கிறது என்பதைத்தான் சென்ற இதழில் எழுதினோம்.

பூட்டுக்கு வருவோம். அது தெருவில் போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அது ஒட்டுக் கேட்பதில்லை. வாசலிலும் கல்லாவுக்கு மேலும் அறிவிப்புப் பலகையோடு வைத்திருக்கும் கேமராவை நாங்கள் எதிர்க்கவில்லை. நீங்கள் வக்காலத்து வாங்குவது வேறு ரகத்துக்கு.

அந்த ரகத்துக்கு ஓர் உதாரணம். பாரிஸ் நகரின் பழம்பெரும் பல்பொருள் அங்காடியான லா சமரித்தேன், 2023 ஆகஸ்டில் தன் சரக்கறைகளில் சில கேமராக்களைப் பொருத்தியது. பார்ப்பதற்கு அவை கூரையில் இருக்கும் புகை உணரும் கருவிகள் போலவே இருந்தன. படத்தோடு ஒலியையும் பதிவு செய்தன. சில வாரங்களில் ஊழியர்களே அவற்றைக் கண்டுபிடித்தார்கள், செப்டம்பரில் கழற்றப்பட்டன. சரக்கறையில் திருட்டு அதிகரித்துவிட்டது என்பது நிறுவனம் சொன்ன காரணம். 2025 செப்டம்பரில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 1 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பிடிக்கப் படம் போதும். இரண்டு ஊழியர்கள் சரக்கறையில் நின்று பேசியது எதற்காகத் தேவைப்பட்டது? மடியில் கனம் பற்றிக் கேட்டீர்களே, தீப்பிடித்தால் உயிரைக் காக்க வேண்டிய கருவியின் வேடத்தைக் கேமராவுக்குப் போட்டுவிட்டவர்களின் மடியை யார் சோதிப்பது?

'திருட்டு' என்ற ஒற்றைச் சொல்லை இந்த நிறுவனங்கள் கேடயமாகப் பிடித்துக்கொள்கின்றன. அதை அப்படியே நம்பிவிட முடியாது. கண்காணித்தவர்கள் கடைசியில் குறிப்பேட்டில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் போதும், நோக்கம் தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட் நிறுவனமான லிடிலின் விவகாரத்தில் அந்தக் குறிப்பேடே வெளியே வந்தது. 2008 மார்ச்சில் ஸ்டெர்ன் வார இதழ், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கண்காணிப்பு அறிக்கைகளை அம்பலப்படுத்தியது. துப்பறியும் ஆட்கள் கிளைகளுக்கு வந்து சின்னஞ்சிறு கேமராக்களைப் பொருத்திவிட்டுப் போவார்களாம். கிளை மேலாளரிடம் சொல்லப்பட்டது, திருட வரும் வாடிக்கையாளர்களைப் பிடிக்க என்று. ஆனால் அறிக்கையில் எழுதப்பட்டதோ ஊழியர்களைப் பற்றி: யார் எத்தனை முறை கழிவறைக்குப் போனார், யாருக்கு யாரோடு காதல், யார் கையில் பணமில்லை, யார் கையில் பச்சை குத்தியிருக்கிறது. பச்சை குத்திய கைக்கும் காணாமல் போன சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள்தான் விளக்க வேண்டும், நீங்கள் மேற்பார்வையாளர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியச் சட்டப்படி, ஊழியர்களைக் கண்காணிக்க வல்ல எந்தத் தொழில்நுட்பக் கருவியையும் பொருத்துவதற்கு முன் அவர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கிளைகள் வைத்திருந்த லிடிலில் மிகச் சில கிளைகளில்தான் அப்படி ஒரு குழுவே இருந்தது. கேட்க ஆளில்லாத இடத்தில் கேமரா வைப்பது எளிது.

அடுத்த வழக்கில் கேமராவே கிடையாது. அதனாலேயே எனக்கு அது இன்னும் கசப்பாக இருக்கிறது. எச் அண்ட் எம் ஆடை விற்பனை நிறுவனத்துக்கு ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ஒரு சேவை மையம் உண்டு. விடுமுறை கழித்தோ நோயிலிருந்து மீண்டோ திரும்பும் ஊழியரை மேலதிகாரி அழைத்து உட்காரவைத்துப் பேசுவார். 'நல்வரவு' உரையாடல் என்று அதற்குப் பெயர். விடுமுறை எப்படிப் போயிற்று, உடம்புக்கு என்ன, மருத்துவர் என்ன சொன்னார்? யாரோ ஒருவர் நம் மீது அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து அந்த ஊழியரும் மனம் விட்டுச் சொல்லியிருப்பார். அவர் எழுந்து போனதும் அத்தனையும் கணினியில் ஏறியது. நோயின் அறிகுறி, வீட்டுச் சண்டை, மத நம்பிக்கை வரை பதிவாயின. சில பதிவுகளை ஐம்பது மேலாளர்கள் வரை படிக்க முடிந்தது. ஒருவரின் வேலையைப் பற்றி முடிவெடுக்கவும் அவை பயன்பட்டன. குறைந்தது 2014 முதல் இது நடந்து வந்தது. 2019 அக்டோபரில் ஏதோ ஓர் அமைப்புப் பிழையால் அந்தக் கோப்புகள் சில மணி நேரம் நிறுவனத்தில் எல்லோருக்கும் திறந்து கிடந்தன. விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. 2020 அக்டோபரில் ஹம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் விதித்த அபராதம் 3.53 கோடி யூரோ.

பிரான்ஸில் அறைகலன் விற்கும் ஐக்கியா நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தி, காவல்துறையின் பதிவேட்டிலிருந்தே ஊழியர்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்களை வாங்கியது. தொழிற்சங்கத்தில் சுறுசுறுப்பாக இருந்தவர்கள் முக்கிய இலக்கு. ஓர் ஊழியர் புதிய பி.எம்.டபிள்யூ கார் வாங்கினால், அதற்கு அவருக்கு ஏது பணம் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2012-இல் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டு வந்தன. 2021 ஜூன் 15 அன்று வெர்சாய் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 10 லட்சம் யூரோ அபராதமும், அதன் முன்னாள் தலைமை நிர்வாகிக்கு நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறைத் தண்டனையும் 50,000 யூரோ அபராதமும் விதித்தது. ஐக்கியாவிடமும் நன்னடத்தைப் புத்தகம் இருந்திருக்கும். எந்தப் பெரிய நிறுவனத்திடம்தான் இல்லை?

இந்த நான்கு விவகாரங்களும் எப்படி வெளிவந்தன என்று கவனியுங்கள். ஊழியர்களின் கூரிய கண், ஒரு வார இதழ், ஒரு கணினிக் கோளாறு, பத்திரிகையாளர்கள். ஒன்றில்கூட நிறுவனம் தானே முன்வந்து, தவறு செய்துவிட்டோம் என்று சொல்லவில்லை. மன்னிப்பெல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு வந்ததுதான்.

உங்களிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்பெயினில், பார்சலோனா அருகே ஒரு சூப்பர் மார்க்கெட். 2009-இல் கணக்குக்கும் இருப்புக்கும் இடையே மாதத்துக்கு ஏறத்தாழ 8,000 யூரோ முதல் 25,000 யூரோ வரை இடைவெளி விழுந்தது. வாசலில் எல்லோருக்கும் தெரியும்படியும், பணம் வாங்கும் இடத்தில் மறைவாகவும் கேமரா வைத்தார்கள். திருட்டு பதிவாயிற்று, ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2018-இல் முதல் அமர்வு ஊழியர்களின் பக்கம் நின்றது. 2019 அக்டோபரில் பெரிய அமர்வு அதை மாற்றி, உரிமை மீறல் இல்லை என்று 14-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் கட்சிக்கு இது சாதகம்தான். ஆனால் முழுவதையும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள். இழப்பு பெரியது, சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தது, மறைவான படப்பிடிப்பு பத்து நாளோடு முடிந்தது, பொதுமக்கள் வந்துபோகும் பகுதியைத் தாண்டவில்லை, பதிவைப் பார்த்தவர்கள் சிலர்தான். இத்தனையும் சேர்ந்துதான் முதலாளியைக் காப்பாற்றின. லேசான சந்தேகம் இருந்தாலே ஒளித்து வைக்கலாம் என்பதை அதே நீதிமன்றம் அதே தீர்ப்பில் மறுத்திருக்கிறது. நிரந்தரமாக ஒளித்து வைத்த கேமராவுக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை.

சரக்கு குறைவதற்கு ஊழியரின் கை மட்டும்தான் காரணமா? வாடிக்கையாளர் திருடுகிறார். சப்ளையர் எண்ணிக்கையைக் குறைத்து இறக்கிவிட்டுப் போகிறார். உடைந்ததும் காலாவதியானதும் கணக்கில் ஏறாமல் குப்பைக்குப் போகின்றன. பில்லில் தவறு விழுகிறது. இதெல்லாம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் ரகசியக் கண் எப்போதும் குறைந்த சம்பளக்காரரின் தலைக்கு மேலேயே பொருத்தப்படுகிறது. கொள்முதல் ஒப்பந்தம் பேசி முடிக்கும் அறையில் புகை உணரும் கருவி வெறும் புகை உணரும் கருவியாகவே இருக்கிறது.

இப்போது கேமராவை ஒளிக்கும் சிரமம்கூட வேண்டியதில்லை. ஊழியர் கையில் இருக்கும் ஸ்கேனரே போதும். பிரான்ஸில் அமேசானின் கிடங்குகளில் நடந்ததை அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து, 2023 டிசம்பரில் 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆணையம் எடுத்துக்காட்டிய அளவுகோல்களைப் பாருங்கள். ஒரு பொருளை ஸ்கேன் செய்து 1.25 விநாடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் தவறு என்று பதிவாகும். பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஸ்கேனர் சும்மா இருந்தால் அதுவும் பதிவாகும். ஒரு நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடைப்பட்ட நிறுத்தங்களுக்குத் தனிக் கணக்கு. வேகமாகச் செய்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வந்து விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். கருவி எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது என்ன எண்ணுகிறது, அந்த எண்ணை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2022 முதல், கிடங்கு ஊழியருக்கு விதிக்கும் வேலை இலக்கை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டதற்கு இதுவே காரணம். செய்ய வேண்டிய வேலையின் அளவை வேலை செய்பவரிடம் சொல்வதற்குக்கூட ஒரு சட்டம்!

அபராதங்களைப் பார்த்து நிறுவனங்கள் நடுங்கிவிட்டன என்று நினைக்க வேண்டாம். லிடிலுக்கு 2008-இல் விழுந்தது சுமார் 14.6 லட்சம் யூரோ. அதன் 35 வட்டார விற்பனை நிறுவனங்களுக்குப் பிரித்தால் தலைக்குச் சராசரியாக 42,000 யூரோகூட வராது. கணக்குப் பிள்ளை அதைத் துப்பறிவாளருக்குக் கொடுத்த கட்டணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு செலவாக எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

உங்கள் கடையில் திருட்டு நடப்பது உண்மையானால், கேமரா வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. சந்தேகத்துக்கு என்ன ஆதாரம் என்று எழுதிவையுங்கள். எத்தனை நாள், எந்த இடம், பதிவை யார் பார்ப்பார், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஊழியர் பிரதிநிதி ஒருவருக்கு அது தெரிந்திருக்கட்டும். ஒலி வேண்டாம். உடை மாற்றும் அறை, ஓய்வறைப் பக்கமே போக வேண்டாம். இதில் ஒன்றைக்கூட எழுத்தில் வைக்க உங்கள் மேலிடம் தயங்கினால், அந்தக் கேமரா திருடனுக்காக வாங்கியது இல்லை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

நன்னடத்தைப் புத்தகத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஊழியர் நிறுவனத்திடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதில் பல பக்கங்கள் இருக்கும். நிறுவனம் ஊழியரை எதற்காக, எதுவரை கண்காணிக்கலாம் என்று சொல்லும் பக்கம் எது? அதை மட்டும் படியெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு சொல் மாற்றாமல் வெளியிடுகிறோம், நிறுவனத்தின் பெயர் இல்லாமலேயே.