பில் மால்டின் ஸ்டாம்ப் ஷீட்டுக்கு 75 டாலர் குடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், நான் நியூஜெர்சில வேலை பாக்குறேன். எங்க டீம்ல ஒரு பெரியவர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாரு. அவரோட அப்பா ரெண்டாம் உலகப் போர்ல இத்தாலில இருந்தவராம், அந்தப் போர்ல சிப்பாய்ங்கள வரைஞ்ச அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் பில் மால்டினோட கார்ட்டூன் புக் வீட்டு அலமாரில கெடந்துச்சாம், அத சின்ன வயசுல திரும்பத் திரும்ப பாத்துக்கிட்டே இருப்பேன்னு அடிக்கடி சொல்வாரு. மால்டினுக்கு ஸ்டாம்ப் வந்திருக்குன்னு தெரிஞ்சு ஆன்லைன்ல தேடுனா, ஒருத்தர் ஒரு ஷீட்ட "ரொம்ப அபூர்வம்"னு போட்டு 75 டாலர் கேக்குறாரு. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாங்க. அது 2010 மார்ச்ல அமெரிக்க தபால் துறை போட்ட ஸ்டாம்ப், ஒண்ணு 44 சென்ட், ஷீட்ல 20 இருக்கும், ஆக மொத்தமே 8 டாலர் 80 சென்ட்தான். அந்த சமயத்துல வந்த நினைவு ஸ்டாம்ப் எல்லாம் அவ்வளவு அச்சடிச்சிருக்காங்க, அபூர்வம்ங்கற பேச்சுக்கே எடமில்ல. விக்கிறவர் கேக்குற விலைய பாக்காதீங்க, அதே ஷீட் இதுவரைக்கும் என்ன விலைக்கு வித்துருக்குன்னு பாருங்க, பெரும்பாலான சைட்ல வித்துப்போனத மட்டும் காட்டுற வசதி இருக்கு. ஸ்டாம்ப் டீலர்கிட்ட போன் பண்ணி கேட்டாலும் முகமதிப்ப, அதாவது ஸ்டாம்ப்ல அச்சடிச்சிருக்குற விலைய ஒட்டித்தான் சொல்வாங்க.

ஷீட் மடியாம, ஓரம் கிழியாம இருக்கான்னு போட்டோ கேளுங்க. இது ஸ்டிக்கர் மாதிரி உரிச்சு ஒட்டுற வகை, அதனால பழைய ஸ்டாம்ப் மாதிரி பின்பக்க பசைய பத்தி கவலைப்பட வேண்டாம்.

ஆனா அவர் மனசுல இருக்குறது அந்த புக்தானே, ஸ்டாம்ப் அவர் பெரியவரான பிறகு வந்தது. அந்த புக் அநேகமா 1945ல வந்த 'அப் ஃபிரண்ட்' ஆத்தான் இருக்கும், அப்ப அது அவ்வளவு வித்துச்சு, அதனால பழைய காப்பி இன்னைக்கும் செகண்ட் ஹேண்ட் கடைகள்ல சல்லிசா கிடைக்கும். அட்டை கொஞ்சம் நைஞ்சிருந்தா கூட பரவால்ல, முதல் பதிப்பு, கையெழுத்து போட்டதுன்னு சொன்னா மட்டும் ஆதாரம் கேக்காம காச குடுத்துடாதீங்க. எல்லா கார்ட்டூனும் வேணும்னா 2008ல ஃபேன்டாகிராஃபிக்ஸ்ங்கற பதிப்பகம் ரெண்டு பாகமா போட்ட போர்க்கால தொகுப்பு இருக்கு.

மால்டின் கார்ட்டூன்ல வர்ற வில்லி, ஜோ ரெண்டு பேரையும் நீங்களும் ஒருதடவ பாருங்க. தாடி மழிக்காம, சேறு அப்பி, கண்ணு சொருகிப்போன சாதாரண சிப்பாய்ங்க. இப்படி அழுக்கா வரையக்கூடாதுன்னு அமெரிக்கப் படைத்தளபதி ஜெனரல் பேட்டனே மால்டின கூப்பிட்டு சத்தம் போட்டாரு, அப்பவும் மால்டின் மாத்திக்கல, 23 வயசுல புலிட்சர் பரிசும் வாங்கிட்டாரு. போர்ல என்ன நடந்துச்சுன்னு வாய தொறக்காத எத்தனையோ அப்பாக்களோட புள்ளைங்களுக்கு அந்தப் படங்கதான் எல்லாத்தையும் சொல்லுச்சு. இவர் நடுவயசு தாண்டியும் அத மறக்காம இருக்காருன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல.

அதனால புக்க வாங்குங்க, நியாயமான விலைக்கு ஒரு ஷீட்டும் எடுத்துக்கங்க. அதுல ரெண்ட உரிச்சு வாழ்த்து கார்டு கவர்ல ஒட்டி அவர் வீட்டு அட்ரஸுக்கே போஸ்ட் பண்ணுங்க, அந்த ஸ்டாம்ப் இன்னும் செல்லும், ரேட்டு ஏறிட்டதால ஒண்ணு மட்டும் ஒட்டுனா பத்தாது.