சலூனில் டிப்ஸ்: எவ்வளவு, எப்போது, யார் கையில்?

முடி திருத்துபவர்களுக்கும் ஸ்டைலிஸ்ட்டுகளுக்கும் டிப்ஸ் கொடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, சலூன் தொழிலை நன்கு அறிந்தவரின் பதில்கள்.

எத்தனை சதவீதம் கொடுப்பது சரி? 20 என்கிறார்கள் சிலர். 10 போதும் என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டுமே சரிதான், ஆனால் வெவ்வேறு இடங்களுக்கு. 15 முதல் 20 சதவீதம் என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் 10 சதவீதம் கொடுத்தாலே நல்ல டிப்ஸ். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே கிடையாது. நீட்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஆகவே முதலில் அந்த ஊர் வழக்கத்தைப் பாருங்கள். வழக்கம் தெளிவாகத் தெரியாத இடத்தில் 10 சதவீதம் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சின்ன வேலைகளுக்குச் சதவீதக் கணக்கு ஒத்துவராது. தாடி ட்ரிம் செய்ததற்கு 10 சதவீதம் பார்த்தால் சில்லறைதான் வரும். அங்கே பில்லை அடுத்த முழுத் தொகைக்கு உயர்த்திக் கொடுத்துவிடுங்கள். நெற்றி முடியை மட்டும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தாலும் கொஞ்சம் கொடுங்கள். இலவசம் என்றால் அன்றைய கணக்கில் அந்த வேலைக்கு அவருக்கு ஒன்றும் வராது.

தள்ளுபடியில் கலரிங் செய்தேன். கூடவே ஒரு ஷாம்புவும் வாங்கினேன். எந்தத் தொகைக்கு டிப்ஸ்?

தள்ளுபடிக்கு முந்தைய வேலைக் கட்டணத்துக்கு. கலரிங் 4,000, தள்ளுபடி 1,000, ஷாம்பு 800 என்று வைத்துக்கொள்வோம். 4,000-க்கு மட்டும் கணக்குப் போடுங்கள். 10 சதவீதம் என்றால் 400. தள்ளுபடி கொடுத்தது கடை. ஸ்டைலிஸ்ட் நின்ற நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஷாம்பு விற்பனைச் சரக்கு, அதற்கு டிப்ஸ் தேவையில்லை. வரிக்கும் அப்படியே.

பரிசுக் கூப்பனோடு போனாலும் இதே கணக்குதான். கூப்பன் கொடுத்தவர் பெரும்பாலும் கட்டணத்தை மட்டுமே கட்டியிருப்பார். டிப்ஸ் உங்கள் பொறுப்பு.

கடை முதலாளியே வெட்டினால் டிப்ஸ் வேண்டாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பழைய வழக்கம் அது. முழுக் கட்டணமும் முதலாளிக்கே போகிறது என்பதால் வந்தது. கொடுக்காவிட்டால் தவறில்லை, கொடுத்தால் மறுக்கவும் மாட்டார்கள்.

ஆனால் யார் முதலாளி என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் மூன்று வகையில் ஒருவராக இருக்கலாம். ஒன்று, மாதச் சம்பளக்காரர். இரண்டு, கமிஷன்காரர், பில்லில் ஒரு பங்கு மட்டும் அவருக்கு, சில கடைகளில் கலர், கிரீம் செலவைக் கழித்த பிறகுதான் அந்தப் பங்கும். மூன்று, நாற்காலியை வாடகைக்கு எடுத்தவர். இவர் பில் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதால் வெளியிலிருந்து பார்க்க முதலாளி போலத் தெரிவார். வாடகை, பிளேடு, துண்டு, கலர் எல்லாம் அவர் கைக்காசு. ஆள் வராத நாளிலும் வாடகை கட்டியாக வேண்டும். மூன்று பேருக்கும் கொடுங்கள். அதிலும் சம்பளக்காரருக்கும் கமிஷன்காரருக்கும் கொடுக்காமல் வந்துவிடாதீர்கள்.

தலை அலசி விட்டது ஒருவர், வெட்டியது இன்னொருவர். யாரிடம் கொடுப்பது?

இரண்டு பேரிடமும் தனித்தனியாக. ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்து “பிரித்துக்கொள்ளுங்கள்” என்றால், பல நேரம் அது உதவியாளர் வரை போய்ச் சேராது. தலை அலசுபவர், கலரிங்கில் முடியைச் சுற்றும் ஃபாயில் தாளை எடுத்துக் கொடுப்பவர், முடியை உலர்த்துபவர் எல்லாரும் பெரும்பாலும் பயிற்சியில் இருப்பவர்கள். கடையிலேயே குறைந்த சம்பளம் அவர்களுக்குத்தான். மொத்த டிப்ஸில் கால் பங்கை அவர்களுக்கு ஒதுக்குங்கள். 400 என்றால் ஸ்டைலிஸ்ட்டுக்கு 300, உதவியாளருக்கு 100. அலசி முடிந்து தலையில் துண்டு கட்டியதுமே அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நீங்கள் கிளம்பும்போது அவர் வேறொருவர் தலையில் கை வைத்திருப்பார்.

கையில் எப்படிக் கொடுப்பது என்றே கூச்சமாக இருக்கிறது. கவுண்டரில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பெயரைச் சொல்லி, முடிந்தால் ஒரு சிறு உறையில் பெயரெழுதிக் கொடுங்கள். பெயரில்லாத பணம் பொது டப்பாவுக்குள் போய்விடும்.

நேரில் கொடுப்பதாக இருந்தால் வேலை நடக்கும்போது நீட்டாதீர்கள். கையில் கலர் ஒட்டிய கையுறையோ, கத்திரியோ, ஈரமோ இருக்கும். ஏப்ரன் பையில் திணிப்பதும் மரியாதையல்ல. சீப்பும் கத்தியும் இருக்கும் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள். கிருமிநாசினி போட்டுத் துடைத்து வைத்த கருவிகள் அவை, நோட்டுகளோ பல கை மாறி வந்தவை. மேலே போர்த்திய கேப் துணியைக் கழற்றி, கழுத்தில் ஒட்டிய முடியைத் தூரிகையால் தட்டிவிட்ட பிறகு, எழுந்து நின்று, “நன்றாக வந்திருக்கிறது, நன்றி” என்று சொல்லி மடித்த நோட்டை நேராகக் கையில் கொடுங்கள். அதற்கு மேல் பேச்சு தேவையில்லை.

உட்காருவதற்கு முன்பே சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள். கொடுக்க மனமிருந்தும் டிப்ஸ் விடுபட்டுப்போவது பெரும்பாலும் கடைசியில் பெரிய நோட்டு மட்டும் கையில் இருப்பதால்தான்.

கார்டு இயந்திரமே 15, 20, 25 என்று காட்டுகிறது. அதிலேயே போட்டுவிடலாமா?

போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இது வெட்டியவருக்கே முழுதாகப் போகுமா?” சில கடைகளில் போகும். சிலவற்றில் எல்லாருடையதையும் சேர்த்துப் பங்கிடுவார்கள். சிலவற்றில் சம்பளத்தோடு சேர்ந்து மாதக் கடைசியில் வரும், கார்டுக் கட்டணமும் கழிந்திருக்கும். பதில் சொல்லத் தயங்கினால் ரொக்கமாகக் கொடுங்கள்.

இன்னொன்று. இயந்திரம் வரி, ஷாம்பு எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்குச் சதவீதம் போட வாய்ப்புண்டு. வேறு தொகை போடும் பட்டன் இருக்கும். அதை அழுத்தி உங்கள் கணக்கைப் போடுங்கள். பில்லில் ஏற்கெனவே சேவைக் கட்டணம் என்று ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் யாருக்குப் போகிறது என்று கேட்டுவிடுங்கள். அது கடைக்குப் போகும் பணமாக இருக்கலாம்.

வெட்டு பிடிக்கவில்லை. டிப்ஸ் கொடுக்காமல் வந்தது சரியா?

கொடுக்காமல் வந்ததைவிட, ஒன்றும் சொல்லாமல் வந்ததுதான் உங்களுக்கு நஷ்டம். ஏன் கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது, உங்கள் முடியும் சரியாகாது.

கேப் கழுத்தில் இருக்கும்போதே பாருங்கள். ஈர முடி நீளமாகக் காட்டும். காய்ந்ததும் மேலேறும், சுருட்டை என்றால் இன்னும் அதிகமாக. அதனால் உலர்த்திக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கு முன்னாலும் ஒரே அளவு முடியை விரலிடுக்கில் பிடித்துத் தாடை வரை இழுத்தால் நுனிகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பின்கழுத்துக் கோட்டைக் கைக்கண்ணாடியில் பார்க்கக் கேளுங்கள். கோணல் தெரிந்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் ஒரு வாரத்துக்குள் போய்க் காட்டுங்கள். பல கடைகள் இலவசமாகவே திருத்திக் கொடுக்கும். முதல் முறை டிப்ஸ் கொடுத்திருந்தால் திருத்தத்துக்கு மறுபடி வேண்டாம். கொடுக்கவில்லை என்றால், சரியாக வந்த பிறகு அப்போது கொடுங்கள்.

வேலை சுத்தமாக இருந்து, அந்த ஸ்டைல் முகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அது டிப்ஸைக் குறைக்கக் காரணமல்ல. கலர் தோலைச் சுட்டது, கத்தி வெட்டியது என்றால் கதை வேறு. அங்கே டிப்ஸ் கடமையில்லை. மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

படிக்கிற பையன் நான். டிப்ஸுக்கு வசதியில்லை, போகக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி, கட்டணம் கொடுத்தாலே உங்கள் கடமை முடிந்தது, தாராளமாகப் போங்கள். குறித்த நேரத்துக்குப் போங்கள். வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். காலியாகக் கிடக்கும் அரை மணி நேரம் கமிஷன்காரருக்கு நேரடி இழப்பு. நண்பர்களை அனுப்பும்போது கடைப் பெயரோடு அவர் பெயரையும் சொல்லி அனுப்புங்கள். பல சலூன்களில் பெயர் சொல்லிக் கேட்டு வருபவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சம்பளத்தை உயர்த்துகிறார்கள்.

மாதாமாதம் ஒரே ஆளிடம் போகிறேன். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்தால் போதுமா?

போதாது. அன்றாடச் செலவுக்கு உதவுவது அவ்வப்போது வருவதுதான். ஒவ்வொரு முறையும் சிறிதாகக் கொடுங்கள். வருடத்தில் ஒரு விசேஷ நாளில் ஒரு வெட்டுக்கான கட்டணத்தை அப்படியே கூடுதலாகக் கொடுக்கலாம். விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முந்தைய நாள் சலூனில் நிற்க இடம் இருக்காது, அவருக்கும் கடைக்குப் போய் எதையும் வாங்க நேரம் இருக்காது.