நாற்பது குளிர்காலம் கண்ட அணி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் மில்வாக்கி வேவ் என்கிற உள்ளரங்கக் கால்பந்து அணியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வேலை நிமித்தம் ஒன்பது வருஷம் அந்த ஊரில் இருந்தவன் நான். சீசன் டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு போய்ப் பார்த்த அணி அது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை நிறையக் கிடக்கின்றன. இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

கே: உள்ளரங்கக் கால்பந்து என்றால், இங்கே பையன்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுகிறார்களே, அந்த ஃபுட்சால்தானே? (திருச்சி வாசகர்)

ப: இல்லை சார். ஃபுட்சாலில் கோட்டைத் தாண்டினால் பந்து அவுட். இதில் கோட்டுக்குப் பதில் சுவர். ஐஸ் ஹாக்கி ஆடுகிற அரங்கில், சுற்றிலும் நிற்கிற பலகையும் அதன் மேல் கண்ணாடியும்தான் எல்லை. 200 அடி நீளம், 85 அடி அகலம். பலகையில் பட்ட பந்து திரும்பி வரும், ஆட்டம் அது பாட்டுக்கு ஓடும். கேரம் ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்: எந்தக் கோணத்தில் கட்டையில் அடித்தால் காய் எங்கே போகும் என்கிற அதே கணக்கு, ஓடிக்கொண்டே.

கோல்கீப்பரோடு ஆறு பேர். 15 நிமிஷமாக நான்கு பகுதி. ஆள் மாற்ற உச்சவரம்பு கிடையாது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குவார்கள். முரட்டு ஃபவுலுக்கு நீல அட்டை. இரண்டு நிமிஷம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும், அதுவரை அணிக்கு ஓர் ஆள் குறைவு.

கே: கோலுக்கு இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று என் அண்ணன் சொல்கிறார். உண்மையா? (கும்பகோணம் வாசகி)

ப: உண்மைதான் அம்மா. இடையில் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. வழக்கமான கோலுக்கு 2, தூரத்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து அடித்தால் 3. கூடைப்பந்திலிருந்து எடுத்த யோசனை. எனக்கு ஒரு கோல் ஒரு புள்ளியே பிடிக்கும்.

கே: எம்எல்எஸ் மாதிரி பெரிய லீக் இருக்கிற நாட்டில் இந்த மாதிரிச் சின்ன அணியை யார் பார்க்கிறார்கள்? எப்படிப் பிழைத்திருக்கிறது? (சேலம் வாசகர்)

ப: எம்எல்எஸ் (மேஜர் லீக் சாக்கர், அங்கே வெளிமைதானக் கால்பந்தின் பெரிய லீக்) ஆட்டம் தொடங்கியதே 1996இல். வேவ் 1984இல் பிறந்தது, பன்னிரண்டு வருஷம் மூத்தது. பிறந்தபோது சேர்ந்த லீக்கின் பெயர் அமெரிக்கன் இண்டோர் சாக்கர் அசோசியேஷன். 1990இல் அதுவே நேஷனல் புரொஃபஷனல் சாக்கர் லீக் ஆனது. 2001இல் மேஜர் இண்டோர் சாக்கர் லீக். அது 2008இல் கலைந்தது. ஒரே ஒரு சீசன் வேறு பெயரில் ஒரு லீக், பிறகு மறுபடியும் மேஜர் இண்டோர் சாக்கர் லீக், 2014 முதல் மேஜர் அரீனா சாக்கர் லீக். குடியிருந்த வீடு திரும்பத் திரும்ப இடிந்தும் குடும்பம் தெருவை விட்டுப் போகவில்லை. கொரோனா காலத்தில், 2020-21 சீசனில் மட்டும் வேவ் களமிறங்கவில்லை. அடுத்த சீசனுக்குத் திரும்பிவிட்டது.

பெயர் மாறிய அந்த லீக்குகளில் வென்ற கோப்பைகள் ஏழு: 1998, 2000, 2001, 2005, 2011, 2012, 2019. முதல் ஆறும் கீத் டோசர் பயிற்சியாளராக இருந்த காலம். 1992இல் வந்தவர் 2014 வரை இருந்தார். ஓர் ஊர் ஒரு பயிற்சியாளரை இருபத்திரண்டு வருஷம் வைத்துக்கொண்டது என்றால், அந்த ஊரின் பொறுமையையும் சேர்த்துத்தான் பாராட்ட வேண்டும். ஏழாவது கோப்பை ஜூலியானோ ஒலிவியேரோவின் காலத்தில் வந்தது. அவர் முன்பு இதே அணிக்கு ஆடியவர்.

யார் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். மில்வாக்கி பிழைக்க வந்தவர்களால் ஆன ஊர். குரோஷியர்கள் 1922இலும் ஜெர்மானியர்கள் 1929இலும் தொடங்கிய கால்பந்து கிளப்புகள் இன்றும் அங்கே நடக்கின்றன. தெற்குப் பக்கம் மெக்சிகோக் குடும்பங்கள் நிறைய. மிச்சிகன் ஏரிக் கரையில் ஜனவரியில் வெளியே பந்தை உதைக்க முடியாது, தரை கல்லாக உறைந்திருக்கும். அந்த மாதங்களில் இவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்காருகிற இடம் பேந்தர் அரீனா. 1950இல் கட்டிய அரங்கு. கரீம் அப்துல் ஜப்பார் கூடைப்பந்து ஆடிய அதே இடம். ஐஸ் ஹாக்கி அணியும் அங்கேதான் ஆடுகிறது என்பதால், பனித்தளத்தை மூடி அதன் மேல் செயற்கைப் புல் சுருளை விரிப்பார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் குளிர் பாதத்திலிருந்து ஏறும்.

கே: ஆட்டக்காரர்களுக்கு நல்ல சம்பளமா? (விருதுநகர் வாசகர்)

ப: கோடி கணக்கெல்லாம் இல்லை. நான் பார்த்தவர்களில் பலர் சாயங்காலம் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். அதனாலேயே ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் 'கோச்'.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கிளப்பின் தேர்வில் 'வேகம் போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆட்டத்துக்கு வந்தாள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் புல்லில் இறங்கி வரிசையாக நின்று கையெழுத்துப் போடுவார்கள். தற்காப்பில் ஆடும் ஒருவரிடம் இவளாகவே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பத்து விரலில் நான்கில் வெள்ளை டேப் சுற்றியிருந்த மனிதர், மார்க்கரைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஒரு பந்தை எடுத்து வந்தார். பலகைக்கு எதிரே அவளை நிறுத்தினார். 'உன்னை விட வேகமானவன் வந்தால் ஓடாதே. பந்தைச் சுவருக்குக் கொடு, அவனைச் சுற்றிப் போய் வாங்கிக்கொள்' என்றார். ஏழெட்டுத் தடவை செய்யச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கார் ஷெட் கதவில் அவள் உதைத்துப் பழகிய தடம், நாங்கள் வீட்டைக் காலி செய்யும்வரை இருந்தது.

கே: சுவரில் அடித்து ஆடுவதெல்லாம் கால்பந்தா? சர்க்கஸ் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (சென்னை வாசகர்)

ப: 1974 பிப்ரவரியில் மாஸ்கோவின் சிவப்புப் படை அணி, அதாவது சோவியத் ராணுவத்தின் கால்பந்து அணி, பிலடெல்பியாவுக்கு வந்து ஹாக்கி அரங்குக்குள் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்த எட் டெப்பர் என்பவர், ஏர்ல் ஃபோர்மேனுடன் சேர்ந்து 1978இல் முதல் பெரிய உள்ளரங்க லீக்கைத் தொடங்கினார். வேடிக்கை காட்ட வந்த அணியா அது? கடைசி இரண்டு நிமிஷம், ஒரு கோல் பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குதல்காரரை இறக்கும். பின்னால் கோல் வாய் திறந்து கிடக்கும். அந்தத் துணிச்சலை நேரில் ஒருமுறை பாருங்கள், பிறகு இதே கேள்வியை எழுதுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.

கே: டிசம்பரில் சிகாகோவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். பார்க்க முடியுமா? (கோவை வாசகி)

ப: தாராளமாக. சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஹயவாதா ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மில்வாக்கி. இறங்கி வடக்கே பத்துப் பதினைந்து நிமிஷ நடை. ஊரில் ஆட்டம் இருக்கிற நாளா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி ஆட்டம் வெளியூரில் இருக்கும். மூலை வளைவில், கண்ணாடியை ஒட்டிய இருக்கை கேளுங்கள். பலகையில் தோளோடு தோள் மோதுகிற சத்தம் அங்கேதான் கேட்கும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் ஒரு மார்க்கர் பேனாவும் எடுத்துப் போங்கள்.