வால்பாக்ஸின் வேகத்தைக் குறைக்க மின் வலையமைப்பு நிறுவனத்துக்கு உரிமை உண்டா?

கேள்வி: ஜெர்மனியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 2024 ஆகஸ்டில் மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் செய்ய 11 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜிங் பெட்டி) பொருத்தினோம். மின் வலையமைப்பு நிறுவனம், தேவைப்பட்டால் அதன் வேகத்தை 4.2 கிலோவாட்டாகக் குறைப்போம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. 2021இல் பொருத்திய என் மைத்துனருக்கு இப்படி எதுவும் வரவில்லை. நான் மறுக்கலாமா?

பதில்: மறுக்க முடியாது. எரிசக்தித் தொழில் சட்டத்தின் 14அ பிரிவும், அதன்கீழ் மின் வலையமைப்புகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான புண்டெஸ்நெட்ஸாகெண்டூர் பிறப்பித்த விதிகளும் 2024 ஜனவரி 1 முதல் இயங்கத் தொடங்கிய, 4.2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வால்பாக்ஸ்களுக்குக் கட்டாயம். மைத்துனருடையது அதற்கு முந்தியது. கட்டணச் சலுகைக்காக அவர் அப்போதே கட்டுப்பாட்டு ஒப்பந்தம் எதுவும் போடாதிருந்தால், அவரை இந்த விதி தொடாது.

கடிதத்தைப் படித்தால் மிரட்டல் மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர்கள் நினைத்தபோதெல்லாம் குறைத்துவிட முடியாது. உங்கள் தெருவின் மின்பாதையோ டிரான்ஸ்பார்மரோ அளவுக்கு மீறிய சுமையில் சிக்கும்போது, தேவையான நேரத்துக்கு மட்டுமே குறைக்கலாம். வால்பாக்ஸை முழுதாக நிறுத்த முடியாது. அடுப்பு, விளக்கு, சலவை இயந்திரம் எதிலும் கை வைக்க முடியாது. (வெப்பப் பம்பு இருந்தால் கவனியுங்கள், அதுவும் இதே விதிக்குள் வரும்.) இரவு பத்து மணி நேரமும் 4.2 கிலோவாட்டிலேயே ஓடினால்கூட 42 யூனிட் ஏறும். பெரும்பாலான கார்களுக்கு அது 200 கிலோமீட்டருக்குப் போதும். கூரையில் சோலார் இருந்தால், இந்த வரம்பு வலையமைப்பிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைத்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'இந்தப் பகுதியில் சுமை அதிகம், இப்போது இணைப்புத் தர முடியாது' என்று அவர்கள் இனி சொல்ல முடியாது. தள்ளிப்போடவும் முடியாது. மின் ரசீதில் சேர்ந்து வரும் வலையமைப்புக் கட்டணத்திலும் குறைப்புத் தர வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் வகை பொருந்தும்: ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை கழியும். வால்பாக்ஸுக்குத் தனி மீட்டர் இருந்தால் இரண்டாம் வகை கேட்கலாம். அதில் யூனிட்டுக்கான வலையமைப்புக் கட்டணம் 60 சதவீதம் குறையும். மூன்றாவது, 2025 ஏப்ரலில் வந்த நேரத்துக்கேற்ற கட்டணம். அதை முதல் வகையோடு மட்டுமே சேர்க்கலாம், ஸ்மார்ட் மீட்டரும் வேண்டும். நிறைய ஓட்டுபவருக்கு இரண்டாவது லாபம் தரலாம். ஆனால் தனி மீட்டரின் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

மறுப்புக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். மின் ரசீதை எடுத்து, 14அ பிரிவின்படியான கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வால்பாக்ஸ் இயங்கத் தொடங்கிய தேதியைக் குறிப்பிட்டு, எலக்ட்ரீஷியன் கொடுத்த பதிவுப் படிவத்தின் நகலையும் சேர்த்து, அன்றிலிருந்து கணக்கிட்டுக் கழிவைத் தரும்படி மின் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.